படையும் பணமும் ஆடிய ஆட்டமா?

ருஷ்யக் கூடைப்பந்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால், மாஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ. கழகத்தைக் குறித்து ஒரு தீர்ப்பு, விசாரணை எதுவும் நடப்பதற்கு முன்பே, சபையின் நடுவில் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுகிறது. சோவியத் காலத்தில் அது சேனையின் கழகம். தேசத்தில் எந்த மூலையில் ஒரு நல்ல ஆட்டக்காரன் தலையெடுத்தாலும், கட்டாய ராணுவ சேவைக்கான உத்தரவை நீட்டி அவனைத் தலைநகருக்கு வரவழைத்துக்கொண்டது. சோவியத் ஒழிந்த பிற்பாடு ஒரு கோடீசுவரரின் பணப்பை வந்து சேர்ந்தது. ஆகையால் அதன் கோப்பைகள் முன்பாதியில் அதிகாரத்தின் சம்பாத்தியம், பின்பாதியில் பணத்தின் சம்பாத்தியம், விளையாட்டின் சம்பாத்தியம் எதுவுமில்லை என்பதே அந்தத் தீர்ப்பு. இதைச் சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் வாதிக்கப் போவதில்லை. அவர்கள் சொல்வதில் மெய் இருக்கிறது. ஆனால் ஆட்களைச் சேர்த்துவைத்த காரணத்தையே ஆட்டத்தை வென்ற காரணமாகவும் அவர்கள் எடுத்துக்கொள்வதுதான் எனக்குச் சம்மதமில்லை.

சேனையின் செல்வாக்கே வெற்றிக்கு மூலம் என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1923-ஆம் ஆண்டைத் தன் பிறந்த ஆண்டாகக் கொண்டாடும் இந்த ஸ்தாபனம், பல முறை பெயர் மாறி, 1960 முதல் இன்றைய பெயரைத் தாங்கி வருகிறது. அப்பெயருக்குச் சேனையின் மத்திய விளையாட்டுக் கழகம் என்று பொருள். அதன் கூடைப்பந்துக் குழு சோவியத் பட்டத்தை முதன்முதலாக வென்றது 1945-இல். இரண்டாவது பட்டம் எப்போது வந்தது என்று கேட்டால், வாதிகளில் பலர் மறுவருஷமே வந்திருக்கும் என்று நினைப்பார்கள். வந்தது 1960-இல்! மகா யுத்தத்தை வென்று திரும்பிய செஞ்சேனையின் கீர்த்தி ஆகாயத்தை அளாவி நின்ற அந்தப் பதினைந்து ஆண்டுகளில், சேனையின் சொந்தத் தலைமைக் கழகம் வெறுங்கையோடு நிற்க, கௌனாஸும் திபிலிஸியும் ரீகாவும் மாறி மாறிப் பட்டத்தைக் கொண்டுபோயின. அதிகாரம் ஒன்றே ஆட்டத்தை வெல்லுமானால், அது வென்றிருக்கவேண்டிய காலம் இதைவிட வேறு எது?

ரீகா என்றவுடன், அதுவும் ராணுவக் கழகந்தானே என்று ஒருவர் குறுக்கிடலாம். குறுக்கீடு நியாயமானது, ஆனால் அது என் கட்சிக்கே சாட்சி சொல்லுகிறது. ஐரோப்பியக் கழகங்களுக்கான கோப்பை 1958-இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோதும், அடுத்த இரண்டு ஆண்டுகளிலும், அதை வென்றது லாத்வியத் தலைநகரான ரீகாவின் ராணுவக் கழகம். அதன் பயிற்சியாளர் அலெக்ஸாந்தர் கோமெல்ஸ்கி முப்பது வயதை ஒட்டிய இளைஞர்; அதன் தூணாக நின்ற யானிஸ் க்ரூமின்ஷ், காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்த நிலையில் ஆட்டத்துக்கு அழைத்துவரப்பட்டவர், உயரம் 2.18 மீட்டர். சேனையின் உத்தரவு ஒன்றுக்கே எல்லோரும் அடங்கி நடந்தார்களென்றால், இந்தப் பயிற்சியாளரும் இந்த மலை போன்ற மனிதரும் மூன்று ஆண்டுகளாக ரீகாவில் எப்படி நீடித்தார்கள்? 1960-இன் இறுதி ஆட்டம் ரீகாவுக்கும் திபிலிஸிக்கும் இடையே. 1961-இன் இறுதி ஆட்டம் ரீகாவுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே. 1962-இல் கோப்பை திபிலிஸிக்கே போயிற்று. ஐரோப்பாவின் மகுடத்துக்காக ஒரே தேசத்தின் மூன்று நகரங்கள் தமக்குள் போராடிக்கொண்டிருந்தன என்பதுதான் பிரத்தியட்சமான நிலைமை. 1961-இல் இரண்டு ஆட்டங்கள். முதலாவதில் 5 புள்ளிகளில் தோற்ற மாஸ்கோ, இரண்டாவதில் 25 புள்ளிகளில் வென்று தன் முதல் ஐரோப்பியக் கோப்பையை எடுத்தது. கோமெல்ஸ்கி அப்போது எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ராணுவ சேவையின் பெயரால் ஆட்கள் இழுக்கப்பட்டார்கள் என்பதை மறுக்க எனக்கு வாய் வராது. கீவ் நகரத்தில் வளர்ந்து பேரெடுத்த இராட்சத உருவினரான விளாதிமீர் த்காச்சென்கோ 1980-களில் மாஸ்கோவின் சட்டையில் ஆடினார். கோமெல்ஸ்கியுங்கூடப் பிற்காலத்தில் ரீகாவை விட்டு மாஸ்கோவுக்கு வந்து சேர்ந்தவரே. 1976 முதல் 1984 வரை இடைவிடாமல் வந்த ஒன்பது சோவியத் பட்டங்களில் சிலவற்றை, சேர்ந்த ஆள்பலத்தின் கணக்கில் வாதிகள் எழுதிக்கொள்வதானால் நான் வழக்காடப் போவதில்லை. ஆனால் அதே ஆள்பலம், அதே த்காச்சென்கோ, அதே சேனை இருக்கும்போதே, லித்துவானியாவின் கௌனாஸ் நகரத்து ஜால்கிரிஸ், அர்விதாஸ் ஸபோனிஸ் என்ற இளைஞரை முன்னிறுத்திக்கொண்டு, 1985, 1986, 1987 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பட்டத்தைப் பறித்துக்கொண்டு போனதை வாதிகள் எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? ஸபோனிஸைச் சேனை விரும்பவில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இனி, எனக்கு மிகவும் உறுத்தலான வாதம் ஒன்று உண்டு. இக்கழகத்துக்குச் சொந்தப் பாணி கிடையாது, இது பிறர் நிலத்து விளைச்சலைக் கொண்டுவந்து குவித்த களஞ்சியம் மாத்திரமே என்பது அது. இதற்குப் பதில் சொல்ல இரண்டு மனிதர்களைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கவேண்டும்.

முதலாமவர் அர்மெனாக் அலாச்சாச்சியான். எகிப்தின் அலெக்ஸாந்திரியாவில் 1930-இல் பிறந்த ஆர்மீனியர். குடும்பத்தோடு சோவியத் ஆர்மீனியாவில் வந்து குடியேறி, யெரெவானிலும் அல்மா-ஆதாவிலும் ஆடி, முப்பது வயது நெருங்குகையில் மாஸ்கோவுக்கு வந்தார். நெடியவர்களின் ஆட்டத்தில் அவர் குட்டையானவர். ஆனால் பந்து எவர் கையில் எப்போது போய்ச் சேரவேண்டும் என்பதை, அந்தக் கைக்கு உரியவர் அறிவதற்கு முன்பே அறிந்தவர். அவர் ஆட்டக்காரராக இருந்த காலத்தில்தான் ஐரோப்பியக் கோப்பைக்கான 1963-இன் இறுதிப் போர் நடந்தது. ரியல் மாட்ரிட் தன் ஊரில் 86-69 என்று வென்றது; மாஸ்கோ தன் ஊரில் 91-74 என்று வென்றது. கழித்துப் பார்க்கிறவர்களுக்கு இரண்டிலும் வித்தியாசம் பதினேழே பதினேழு! இரண்டு ஆட்டத்தையும் கூட்டினால் ஆளுக்கு 160. மூன்றாவது ஆட்டம் வைக்கவேண்டியதாயிற்று. அதை மாஸ்கோ 99-80 என்று வென்றது. அந்த மூன்றாவது ஆட்டமும் மாஸ்கோவிலேயே நடந்தது என்பதை நான் மறைக்கவில்லை. விரும்புகிறவர்கள் அதற்காக ஒரு பங்கு கழித்துக்கொள்ளட்டும். ஆனால் 1969-இல், அதே அலாச்சாச்சியான் பயிற்சியாளராக அமர்ந்திருக்க, இறுதி ஆட்டம் நடந்த ஊர் பார்ஸிலோனா; எதிரே நின்றதோ ஸ்பெயின் தேசத்துக் குழுவான ரியல் மாட்ரிட். ஆட்டம் சமமாகி, கூடுதல் நேரம் கொடுத்து, அதிலும் சமமாகி, மறுபடியும் கூடுதல் நேரம் கொடுத்து, கடைசியில் 103-99 என்று மாஸ்கோ வென்றது. 2.15 மீட்டர் உயரமுள்ள விளாதிமீர் அந்த்ரேயெவ் அன்று தனியொருவராக 37 புள்ளிகள் எடுத்தார். ஸ்பெயினின் மண்ணில், ஸ்பெயின் ஜனங்களின் கூச்சலுக்கு நடுவில், செஞ்சேனையின் எந்த உத்தரவு செல்லுபடியாகும்?

இரண்டாமவர் ஸெர்கேய் பெலோவ். ஸைபீரியாவின் தோம்ஸ்க் பிராந்தியத்தில் ஒரு கிராமத்தில் 1944-இல் பிறந்து, ஸ்வெர்த்லோவ்ஸ்கின் உரால்மாஷ் கழகத்தில் ஆடி, 1968-இல் மாஸ்கோவுக்கு வந்தார். பந்தை நிலத்தில் தட்டிக்கொண்டு முழுவேகத்தில் போகிறவர், எதிராளி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் நொடியில் சட்டென்று நின்று, நின்ற இடத்திலேயே நேராக எழும்பி, எழும்பிய உச்சியில் பந்தை விடுவார். எதிராளி தன் ஓட்டத்தை நிறுத்திக் கையைத் தூக்குவதற்குள் பந்து கூடைக்குப் பாதி வழி போயிருக்கும். இதை அவருக்கு எந்தத் தளபதியும் உத்தரவிட்டுக் கற்பிக்கவில்லை. 1971-இல் இத்தாலியின் வரேஸே நகரத்து இக்னிஸோடு ஆன்ட்வெர்ப்பில் இறுதி ஆட்டம். அதற்கு முந்திய ஆண்டு, ஸராஜேவோவில், இதே வரேஸே 79-74 என்று மாஸ்கோவைத் தோற்கடித்திருந்தது. பழி தீர்க்கவேண்டிய இந்தத் தருணத்தில், பயிற்சியாளராகிவிட்டிருந்த கோமெல்ஸ்கிக்குத் தேசத்தை விட்டு வெளியேற அனுமதி கிடைக்கவில்லை. வாதிகள் இவ்விடத்தில் சற்று நிற்கவேண்டும்: அவர்கள் சொல்லும் அந்த சர்வ வல்லமை பொருந்திய அரசு, தன் சேனையின் கழகத்துக்கு இறுதி ஆட்டத்தன்று செய்த சகாயம் அதன் பயிற்சியாளரை ஊரில் நிறுத்திவைத்ததுதான். பெலோவ் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒருங்கே நின்று, ஓடி, எறிந்து, மூச்சு வாங்கும் இடைவேளையில் யாரை உள்ளே அனுப்புவது, யாரை வெளியே அழைப்பது என்று தீர்மானித்து, 67-53 என்று கோப்பையை வென்று கொடுத்தார்.

அடுத்த ஆண்டு ம்யூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 51-50 என்று சோவியத் வென்றபோது அவர் எடுத்தவை 20 புள்ளிகள். கடைசி மூன்று விநாடிகளில் களத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பந்தை எறிந்த இவான் எதெஷ்கோவும் இக்கழகத்தவரே. அதைப் பிடித்துக் கூடையில் போட்ட அலெக்ஸாந்தர் பெலோவும், குழுவின் பயிற்சியாளரான கொந்த்ராஷினுமோ லெனின்கிராத் ஸ்பார்த்தாக்கைச் சேர்ந்தவர்கள். தேசத்தின் திறமையெல்லாம் ஒரே களஞ்சியத்தில் அடைபட்டிருந்தது என்பவர்களுக்கு அந்த மூன்று விநாடிகளே போதுமான பதில்.

1990-களைப் பற்றி நீட்டிப் பேசவேண்டியதில்லை. 1992 முதல் 2000 வரை ஒன்பது ருஷ்யப் பட்டங்களும் இவர்களுடையவையே. கௌனாஸ், ரீகா, தால்லின், கீவ், திபிலிஸி எல்லாம் வேற்று நாடுகளாகப் பிரிந்துபோன பின் கிடைத்த இப்பட்டங்களின் எடை குறைவு என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிகாரமும் சரிந்து, பெரும் பணமும் இன்னும் வந்திராத அந்தப் பஞ்ச காலத்தில், பழைய ஆட்டக்காரரான ஸ்தனிஸ்லாவ் யெரேமினின் பயிற்சியில் 1996-இல் பாரிஸுக்குப் போய் ஐரோப்பாவில் மூன்றாவது இடம் பெற்றார்களே, அதற்கு வாதிகளின் இரண்டு காரணங்களில் எது பொருந்தும்?

மிஞ்சியிருப்பது பணம். மிகாயில் ப்ரோகரோவின் நோரில்ஸ்க் நிக்கல் நிறுவனத்தின் ஆதரவு இக்கழகத்துக்குக் கிடைத்ததும், அதனால் ஐரோப்பாவின் செல்வக் கழகங்களுள் ஒன்றாக இது ஆனதும் உண்மை. ஆனால் கதையின் ஸ்வாரஸ்யமான பகுதி அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. 2001, 2002 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மாஸ்கோவின் தொடர் வெற்றியை முறித்தது, உரால் மலையோரத்துப் பெர்ம் நகரத்தின் உரால் கிரேட் என்ற கழகம். அதன் பயிற்சியாளர் வேறு யாருமல்ல, நம் ஸெர்கேய் பெலோவ்! மாஸ்கோ செய்த காரியம் என்ன? அந்தப் பெர்ம் கழகத்தை நடத்திவந்த ஸெர்கேய் குஷ்சென்கோவையே அழைத்துவந்து தன் தலைமை நாற்காலியில் உட்காரவைத்தது. பணம் இருந்தவர்கள் தங்களுக்குத் தெரியாததைத் தெரிந்தவனிடம் போனார்கள் என்பதற்கு இதைவிட வேறு பிரமாணம் வேண்டாம்.

அப்புறமாவது பணம் தன் வேலையை உடனே செய்ததா? ஐரோப்பியக் கோப்பையில், 2003-இல் பார்ஸிலோனாவில் அரையிறுதியில் தோல்வி. 2004-இல் டெல் அவிவில் அரையிறுதியில் தோல்வி. 2005-இல் சொந்த ஊரான மாஸ்கோவிலேயே, சொந்த ஜனங்களின் முன்னிலையில், ஸ்பெயினின் தாவ் குழுவிடம் அரையிறுதியில் தோல்வி. எட்டோரே மெஸ்ஸினா என்ற இத்தாலியர் பயிற்சியாளராக வந்த பின்புதான், 2006-இல் ப்ராக் நகரத்தில் டெல் அவிவின் மக்காபி கழகத்தை 73-69 என்று வென்று, 1971-க்குப் பிறகு முதல் கோப்பை வந்தது. அன்றைய நாயகனான தியோதோரோஸ் பாபலூகாஸ், ஆட்டம் தொடங்கும் ஐவரில் ஒருவராக நிற்காமல், பலகையில் உட்கார்ந்து களத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு உள்ளே போவதையே வழக்கமாகக் கொண்டிருந்தவர். விலை கொடுத்து வாங்கிய சிறந்த ஆட்டக்காரனை முதலில் உட்காரவைக்கும் துணிவு எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைப்பதில்லை.

2012-இல் இஸ்தான்புல்லில் நடந்த ஐரோப்பிய இறுதி ஆட்டத்தையும் சொல்லியாகவேண்டும். ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் என்று அவ்வாண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட கிரிலென்கோ உள்பட, பணத்தால் சேர்க்கக்கூடிய எல்லாம் மாஸ்கோவின் பக்கத்தில் சேர்ந்திருந்தன. கடன் நெருக்கடியில் திணறிக்கொண்டிருந்த கிரேக்க நாட்டின் ஒலிம்பியாகோஸ் எதிரே நின்றது. மூன்றாம் கால்பகுதியில் மாஸ்கோ 53-34 என்று பத்தொன்பது புள்ளிகள் முன்னே போயிருந்தது. பிறகு, மணலில் ஊற்றிய நீர்போல, அந்த முன்னணி வற்றத் தொடங்கியது. ஏறக்குறைய பத்து விநாடிகள் இருக்கையில், ஒரு புள்ளி முன்னணியில், மாஸ்கோவின் அனுபவத்தில் பழுத்த ஆட்டக்காரர் ஷிஷ்காவுஸ்காஸ் தடையற்ற எறிகள் இரண்டுக்காகக் கோட்டில் போய் நின்றார். முதலாவது தவறியது. இரண்டாவதும் தவறியது. கிரேக்கர்கள் பந்தை எடுத்து ஓடினார்கள். ஸ்பனூலிஸ் உள்ளே நுழைந்து எல்லோரையும் தன்பால் இழுத்துக்கொண்டு பந்தைத் தள்ளிவிட, ப்ரிந்தேஸிஸ் அதை ஒற்றைக் கையால் மெல்ல மேலே தூக்கிப்போட்டார். அது விழும்போது மிச்சமிருந்த நேரம் 0.7 விநாடி, கணக்கு 62-61.

2016-இல் பெர்லினிலும் 2019-இல் விட்டோரியாவிலும் மாஸ்கோ மறுபடி வென்றது. உக்ரேன் யுத்தம் தொடங்கியதும், 2022-இன் தொடக்கத்தில் ருஷ்யக் கழகங்கள் ஐரோப்பியப் போட்டியிலிருந்து விலக்கப்பட்டன. அயல் நாட்டு ஆட்டக்காரர்களில் பலர் புறப்பட்டுப் போனார்கள். ஐரோப்பிய எதிரிகள் என்ற தொல்லையே இல்லாமல், சொந்த தேசத்துக்குள் மாத்திரம் ஆடுவதென்று ஆன பிறகு, வாதிகளின் கணக்குப்படி பட்டம் வீட்டு வாசலில் வந்து விழவேண்டும். 2022-இல் அதைப் பீட்டர்ஸ்பர்கின் ஜெனித், ஏழு ஆட்டங்கள் வரை நீண்ட இறுதித் தொடரில் மாஸ்கோவை வென்று எடுத்துக்கொண்டது. 2023-இல் கஸான் நகரத்து யூனிக்ஸ் எடுத்துக்கொண்டது.