கூலிங் கிளாஸ் போட்டிருந்தால் லேசர் ஒன்றும் செய்யாதா?

புதுச்சேரியிலிருந்து கடலூர் ரோட்டில் போனால் நோணாங்குப்பம் வரும். சுண்ணாம்பாறு படகுத்துறை அங்கேதான் இருக்கிறது. லீவு நாளில் பாரடைஸ் பீச்சுக்குப் படகு ஏற நிற்கும் கூட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தலையில் தொப்பி, கண்ணில் கூலிங் கிளாஸ், கையில் நொறுக்குத்தீனி... குடும்பம் குடும்பமாக நிற்பார்கள்.

சமீபத்தில் அந்த வரிசையில் நானும் நின்றேன். எனக்கு முன்னால் பத்து வயசுப் பையன் ஒருவன். வழியில் எந்தக் கடையிலோ வாங்கிய லேசர் லைட் அவன் கையில். பேனா சைஸ்தான் இருக்கும். படகு மேல் அடித்தான், மரத்தின் மேல் அடித்தான். கடைசியில் தங்கச்சி முகத்திலேயே அடிக்க ஆரம்பித்தான்.

"தம்பி, கண்ணுல படப்போகுதுப்பா!" என்றேன். அவன் அப்பா சிரித்தார். "பாப்பா கூலிங் கிளாஸ் போட்டிருக்கு சார், ஒண்ணும் ஆகாது!"

படித்தவர். பிள்ளைகள் மேல் பாசமுள்ளவர். ஆனால் அவர் சொன்னது தப்பு. நம்மில் பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சின்ன வயசில் பூதக்கண்ணாடியில் வெயிலைப் பிடித்துக் காகிதத்தைப் பொசுக்கியிருப்பீர்களே? நம் கண்ணுக்குள்ளும் அப்படி ஒரு லென்ஸ் இருக்கிறது. லேசர் ஒளி டார்ச் வெளிச்சம் மாதிரி விரிந்து பரவாது. ஒரே கோடாக வரும். அதைக் கண்ணின் லென்ஸ் விழித்திரையில் ஒரு ஊசிமுனைப் புள்ளியாகக் குவித்துவிடும். கருவிழியில் படும்போது இருந்ததைப் போல ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு செறிவு அந்தப் புள்ளியில் சேரும். நாம் நேராகப் பார்க்கும்போது அது விழுவது விழித்திரையின் நடுமையத்தில். எழுத்துப் படிக்க, ஊசியில் நூல் கோக்க, எதிரில் வருபவரின் முகத்தை அடையாளம் காண உதவுகிற இடம் அதுதான். அங்கே சுட்டால் வலிகூடத் தெரியாது!

"சரி, கறுப்புக் கண்ணாடி அதைத் தடுக்காதா?" என்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெயிலுக்குப் போடும் நல்ல கூலிங் கிளாஸ்கூட வெளிச்சத்தில் நூற்றுக்கு 8 முதல் 18 பங்கு வரை உள்ளே விடும். அப்படி விட்டால்தானே நமக்கு வழி தெரியும்? லேசர் 1 மில்லிவாட்டுக்குள் இருந்தால், சட்டென்று கண்ணை மூடிக்கொள்வதே நம்மைக் காப்பாற்றிவிடும். ஆனால் கடையில் விற்கும் சில லேசர்கள் 100 மில்லிவாட்டும் இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். கண்ணாடி 15 பங்கை உள்ளே விடுகிறது என்று வைத்துக்கொண்டால், கண்ணுக்குப் போவது 15 மில்லிவாட். பதினைந்து மடங்கு அதிகம்!

"யு.வி. 400 ஸ்டிக்கர் ஒட்டின கண்ணாடி சார்" என்பார் இன்னொருவர். அந்த 400 என்பது புற ஊதாக் கதிருக்கான எல்லை, 400 நானோமீட்டர். பச்சை லேசர் 532, சிவப்பு லேசர் 650 வாக்கில். அந்த ஸ்டிக்கருக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. மலிவான சில பச்சை லேசர்களில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரும் சேர்ந்து வரும். கறுப்புக் கண்ணாடி பச்சையை மங்கலாக்கிவிடுவதால், 'கூசவில்லையே' என்று பிள்ளை தைரியமாகப் பார்க்கும். அதுதான் ஆபத்து.

லேசருக்கென்றே பாதுகாப்புக் கண்ணாடிகள் உண்டு. எந்த அலைநீளத்தை எவ்வளவு தடுக்கும் என்று அதன் மேலேயே போட்டிருப்பார்கள். ஓ.டி. 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும். அதிலும், பச்சையைத் தடுக்கும் கண்ணாடி சிவப்பை விட்டுவிடலாம். அது ஆய்வுக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் உரியது. பிள்ளை விளையாட அதை வாங்கித் தருவது சரியான வழி இல்லை.

"எத்தனையோ பசங்க விளையாடுறாங்க, யாருக்குக் கண் போச்சு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஒரு நொடி பட்டு, கண்ணில் பூச்சி பறந்து, சரியாகிப் போவதுதான் அதிகம். ஆனால் 2008-ல் ரஷ்யாவில், மாஸ்கோவுக்கு வெளியே நடந்த திறந்தவெளி இசை விழாவில், கூட்டத்துக்குள் பாய்ந்த லேசரால் சுமார் முப்பது பேருக்குப் பார்வை பாதித்தது. நம் நாட்டிலும் 2023-ல் மகாராஷ்டிர விநாயகர் ஊர்வலங்களில் லேசர் பட்டு இளைஞர்களின் விழித்திரை பாதித்த செய்திகள் வந்தன. பல்லும் எலும்பும் போல விழித்திரையைக் கட்டிச் சரிசெய்துவிட முடியாது. போனது பெரும்பாலும் போனதுதான்.

அதற்காக எல்லா லேசருக்கும் பயப்பட வேண்டாம். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் ஸ்கேனர், ஆபீஸ் பிரிண்டர், டாக்டர் கண்ணுக்குச் செய்யும் லேசர் சிகிச்சை... இவற்றில் அளவும் கட்டுப்பாடும் உண்டு. முடி நீக்க அழகு நிலையத்தில் லேசர் எடுத்துக்கொள்வதானால் மட்டும், அதற்குரிய கண் கவசத்தைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். உங்கள் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு படுக்காதீர்கள்!

ஒருவேளை கண்ணில் பட்டுவிட்டால்? கசக்காதீர்கள். கடையில் சொட்டு மருந்து வாங்கி விடாதீர்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி வளைந்து தெரிந்தாலோ, நடுவில் கறுப்புப் புள்ளி மறைத்தாலோ உடனே கண் டாக்டரிடம் போய் விழித்திரையைப் பரிசோதியுங்கள். அந்த லேசரையும் கையோடு கொண்டுபோங்கள். நோணாங்குப்பத்துக்காரர்களுக்குப் பக்கத்துத் தவளக்குப்பத்திலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது.

என் கருத்து இதுதான். பிள்ளைக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு லேசரைக் கையில் கொடுப்பது, ரெயின்கோட் போட்டுவிட்டுக் கிணற்றில் தள்ளுவது மாதிரி. கல்யாண ரிசப்ஷனில் லேசர் லைட் வைத்தால், ஆட்கள் தலைக்கு மேலே போகும்படி வைக்கச் சொல்லுங்கள். சொல்லும் உரிமை பணம் கொடுக்கிற உங்களுக்கு இருக்கிறது.

படகு வந்ததும் அந்த அப்பாவிடம் இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் பையனிடமிருந்து லேசரை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பையன் பத்து நிமிஷம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். போகட்டும். தங்கச்சி கண் நன்றாக இருக்கட்டும்.