ஆவி பிடிக்கும் பாத்திரம் எங்கே இருக்கிறது?

டிசம்பர் பிறந்துவிட்டால் ஹைதராபாத்தின் அல்வாலில் இரவுக் குளிர் சென்னைக்காரர்களுக்குப் பழக்கமில்லாத அளவுக்கு இறங்கும். மூக்கடைப்பும் தொண்டைக் கரகரப்பும் வந்தால், தமிழ் வீடானாலும் பக்கத்துத் தெலுங்கு வீடானாலும் முதல் வைத்தியம் ஆவி பிடிப்பதுதான். நாம் நொச்சி என்று பறிப்பதும் அவர்கள் வாவிலாகு என்று பறிப்பதும் ஒரே இலை. அதோடு துளசி, கற்பூரவள்ளி, கொஞ்சம் மஞ்சள். எந்த இலை சளியை அறுக்கும் என்பதில் வீட்டுக்கு வீடு ஒரு கட்சி உண்டு. ஆனால் கொதித்த பாத்திரத்தை யார் தூக்குவது, எதன் மேல் வைப்பது, தவழும் குழந்தை அப்போது எங்கே இருக்கிறது என்பதெல்லாம் பேச்சிலேயே வருவதில்லை. ஆவி பிடிப்பதில் பெரிய ஆபத்து இலையால் வருவதில்லை, அந்தத் தண்ணீரால்தான் வருகிறது. நம் கவனம் முழுவதும் இலையிலேயே நின்றுவிடுவது எனக்குக் கவலை தருகிறது.

60 டிகிரி சூடான தண்ணீர் பெரியவர்களின் தோலில் ஏறக்குறைய 5 வினாடி பட்டாலே ஆழமான புண் உண்டாகும். 70 டிகிரியில் ஒரு வினாடி போதும். 1940களிலேயே அளந்து சொல்லப்பட்ட கணக்கு இது. குழந்தையின் தோல் மெல்லியது, அதற்கு இன்னும் குறைந்த நேரமே தேவை. முகத்தில் அடிக்கும்படி ஆவி எழும்பும் தண்ணீர் இதைவிடச் சூடாகவே இருக்கும். அதைக் கட்டிலில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்கிறோம், அல்லது ஆடும் ஸ்டூலில் வைத்துத் தலையோடு போர்வையை மூடிக்கொள்கிறோம். உள்ளே கண் தெரியாது. ஒரு இருமல் வந்து முழங்கால் அசைந்தால் போதும், தண்ணீர் தொடையிலும் அடிவயிற்றிலும் கொட்டும். நனைந்த துணி அந்தச் சூட்டைத் தோலோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். கொரோனா தொடங்கிய 2020இல், பிரிட்டனின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனைத் தீக்காய மருத்துவர்கள் ‘லான்செட்’ இதழுக்கு எழுதினார்கள்: ஆவி பிடிக்கப்போய் வெந்துபோன குழந்தைகளின் வருகை அங்கே 30 மடங்கு கூடியிருந்தது. அதே ஆண்டு நம் ஆயுஷ் அமைச்சகம் புதினா அல்லது ஓமம் போட்டு நாளுக்கு ஒருமுறை ஆவி பிடிக்கலாம் என்று அறிவுறுத்தியது. பாத்திரத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

இவ்வளவு ஆபத்தைத் தாங்கும் அளவுக்குப் பலன் இருக்கிறதா? சளிக்குச் சூடான ஈரக்காற்று உதவுமா என்று சண்டிகர் மருத்துவர்கள் காக்ரேன் அமைப்புக்காகத் தொகுத்த ஆய்வு 2017இல் புதுப்பிக்கப்பட்டது. ஆறு சோதனைகள், 387 பேர். உறுதியான நன்மை எதுவும் தென்படவில்லை. இங்கிலாந்தில் நாள்பட்ட சைனஸ் தொல்லை உள்ளவர்களிடம் நடந்து 2016இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஆவி தலைவலியை மட்டும் சற்றுக் குறைத்தது. உப்புநீரால் மூக்கைக் கழுவுவதே அதைவிட உதவியது. தைலத்திலும் புதினாவிலும் உள்ள மெந்தால், மூக்கின் குளிர் நரம்புகளைத் தூண்டி அடைப்பு திறந்ததுபோல் உணரவைக்கும். உண்மையில் அடைப்பு அப்படியேதான் இருக்கும். கிருமியைக் கொல்லும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமே இல்லை. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் பொது இடங்களில் கூட்டமாக ஆவி பிடிக்க ஏற்பாடு நடந்தபோது, வேண்டாம் என்று சுகாதாரத்துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் தடுக்க வேண்டியிருந்தது. ஆவி தருவது சுகம். இருமி இருமிக் களைத்த இரவில் அந்தச் சுகமும் பெரிதுதான், அதை நான் பறிக்கச் சொல்லவில்லை. ஆனால் சுகத்துக்காக ஒரு பிள்ளையின் தோலைப் பணயம் வைக்க முடியாது.

பாட்டி காலத்திலிருந்து செய்கிறோமே, அப்போது வராத ஆபத்தா என்று கேட்பார்கள். அப்போதும் வந்திருக்கும், எழுதி வைக்கத்தான் ஆளில்லை. தவிர, அன்று அடுப்பு தரையில் இருந்தது. அடி கனத்த பாத்திரத்தைத் தரையில் இறக்கி அதன் முன்னாலேயே உட்கார்ந்தார்கள். இன்று அல்வாலின் அடுக்குமாடி வீட்டில் அடுப்பு இடுப்புயர மேடையில் இருக்கிறது. லேசான எவர்சில்வர் பாத்திரத்தைக் கரித்துணியால் பிடித்து, வழுக்கும் டைல்ஸ் தரையில், பிள்ளைகள் ஓடும் ஹாலைக் கடந்து படுக்கையறைக்குக் கொண்டுபோகிறோம். பழக்கம் அதே பழக்கம், வீடு வேறு. மின்சார ஸ்டீமர் வாங்கிவிட்டால் தீர்ந்ததா? தண்ணீர் குறைவு என்ற அளவில் அது மேல். ஆனால் தொங்கும் வயரைக் குழந்தை இழுத்தால் அதுவும் கவிழும். மூலிகையையும் தைலத்தையும் அதற்குள் போடக் கூடாது.

ஆகவே பாத்திரத்தை ஆளிடம் கொண்டுபோகாமல், ஆள் பாத்திரத்திடம் போகட்டும். இலையைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, சில நிமிடம் ஆறவிட்டு, சமையலறையிலேயே சுவரை ஒட்டித் தரையில் வையுங்கள். அகன்ற அடியுள்ள பாத்திரம், பாதி அளவே தண்ணீர். முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடி, துண்டைத் தளர்வாகப் போட்டு, ஐந்து பத்து நிமிடம் போதும். எரியும் அடுப்பின் மேல் துண்டோடு குனிவது கூடவே கூடாது. முடிந்ததும் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள். சிறு குழந்தைகளுக்கு ஆவியே வேண்டாம். மூக்கில் விடும் உப்புநீர்ச் சொட்டு போதும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சூடான ஆவி மூச்சிறைப்பைக் கூட்டலாம். கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் வலிப்பைத் தூண்டக்கூடியவை; பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள் இரண்டையும் தள்ளிவைக்க வேண்டும். தப்பித் தவறிக் கொட்டிவிட்டால், துணியைக் கழற்றி, குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். பற்பசை, இங்க், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். குழந்தையென்றாலும், முகத்திலோ மறைவிடத்திலோ பட்டாலும், 108ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள்.

‘ஆவி பிடிங்க’ என்பது மருந்துச் சீட்டில் கடைசி வரியாக எழுதப்படும் சொல். தனியார் கிளினிக்கிலும், 2018 முதல் ஹைதராபாத்தில் நடந்துவரும் பஸ்தி தவாகானா என்ற அரசுச் சிறு மருத்துவமனைகளிலும், அதைச் சொல்லும் மருத்துவரோ செவிலியரோ கூடவே ‘பாத்திரத்தைத் தரையில் வையுங்க, குழந்தையை வேறு அறையில் விடுங்க’ என்று தெலுங்கிலும் உருதுவிலும் தமிழிலும் சொல்ல ஐந்து வினாடிதான் ஆகும். இந்தக் குளிர்காலத்திலேயே அதைத் தொடங்கலாம்.