அரிசி களைந்த தண்ணீர் போல ஒரு கடல்

“மாமா, தொட்டித் தண்ணி திடீர்னு வெள்ளையாயிடுச்சு. அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி இருக்கு. பின்னாடி இருக்கிற கல்லே தெரியல!”

இரவு பத்து மணிக்கு அக்கா மகனிடமிருந்து போன். அவன் வீட்டு ஹாலில் இருப்பது 200 லிட்டர் கடல் மீன் தொட்டி. அதில் ஹேட்சரியில் பிறந்த இரண்டு க்ளவுன் மீன்கள், ஓர் இறால், நாலைந்து நத்தைகள். மீன்களுக்கு அவனுடைய ஏழு வயது மகள் வைத்த பெயர் இட்லி, சட்னி. குடும்பத்தோடு நான்கு நாள் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அன்று மாலைதான் திரும்பியிருந்தார்கள். அதுவரை மீனுக்குத் தீனி போடும் பொறுப்பு பக்கத்து வீட்டுப் பையனிடம் இருந்தது.

“முழுத் தண்ணியையும் வெளியேத்திட்டு, கல்லு, ஃபில்டர் எல்லாத்தையும் குழாயடியில கழுவிடப்போறேன் மாமா. பக்கெட் எடுத்துட்டேன்.”

“பக்கெட்டைக் கீழ வை மாப்ளே. மீன் எங்க இருக்கு, அதை முதல்ல பாரு.”

“ரெண்டும் மேலயே நிக்குது. வாயைத் திறந்து திறந்து மூடுது.”

அதுதான் அந்த இரவின் உண்மையான அவசரம். தண்ணீரின் நிறத்தை நாளைக்குக்கூட பார்த்துக்கொள்ளலாம். மேலே வந்து வாயைத் திறக்கும் மீன், ‘எனக்கு மூச்சு முட்டுகிறது’ என்று சொல்கிறது.

வெள்ளையாக இருப்பது யார்?

இட்லி மாவைக் கரைத்து வைத்தால் காலையில் பொங்கியிருக்கிறது அல்லவா? கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் இரவு முழுக்கத் தின்று பெருகியதன் விளைவு அது. மீன் தொட்டியிலும் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. மிச்சமான தீனி, செத்த நத்தை, அழுகிய பாசி என்று ஏதாவது ஒன்று தண்ணீரில் கரைய ஆரம்பித்தால், அதைத் தின்னும் பாக்டீரியாக்களுக்குக் கல்யாணச் சாப்பாடு கிடைத்த மாதிரி. சூழல் சாதகமாக இருந்தால் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் ஒன்று இரண்டாகிவிடும். சில மணி நேரத்தில் கோடிக்கணக்கில் பெருகித் தண்ணீரில் மிதக்கும்போது, நம் கண்ணுக்கு அது பால் நிறமாகத் தெரிகிறது.

தொட்டியில் வேறொரு கூட்டமும் இருக்கிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள். இவை நிதானக்காரர்கள். இரட்டிப்பாகவே பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். இவை தண்ணீரில் மிதப்பதைவிடக் கல், மணல், ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒட்டி வாழ்வதுதான் அதிகம். அக்கா மகன் கழுவப்போகிறேன் என்றானே, அது இந்தக் கூட்டத்தைத்தான். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் இவற்றைக் கொன்றுவிடும். மறுநாள் தண்ணீர் கண்ணாடி போல இருக்கும், அம்மோனியாவைத் தின்ன ஆள் இருக்காது.

கடல் தொட்டியில் இது இன்னும் மோசம். நன்னீர்த் தொட்டியின் பி.ஹெச். 7 என்றால், கடல் தொட்டியில் அது 8.2 அளவில் இருக்கும். அந்த நிலையில் அதே அம்மோனியாவில் விஷமாக மாறி நிற்கும் பங்கு பத்து மடங்குக்கு மேல்.

விடியற்காலைதான் கண்டம்

பெருகும் பாக்டீரியாக்களும் ஆக்சிஜனைத்தான் சுவாசிக்கின்றன. கடல் நீரில் அது ஏற்கெனவே குறைவு. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். கடல் நீரில் 7 மில்லிகிராம்கூடத் தேறாது. தண்ணீர் சூடாக ஆக இன்னும் குறையும். நம் ஊர்க் கோடையில், ஏ.சி. இல்லாத ஹாலில் தொட்டி 30 டிகிரியைத் தொடுவது சாதாரணம்.

விளக்கை அணைத்த பிறகு பாசியும் ஆக்சிஜன் தயாரிப்பதை நிறுத்திவிட்டு, தானும் சுவாசிக்க ஆரம்பிக்கும். அதனால் விடியற்காலையில்தான் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும். ‘ராத்திரி நல்லாத்தான் இருந்தது, காலையில பார்த்தா எல்லாம் செத்துக் கிடக்கு’ என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அதனால் அவனிடம் முதலில் சொன்னது: “ஏர் பம்ப் இருக்கா? ரெண்டு ஏர் ஸ்டோன் போடு. வேவ் மேக்கரோட முகத்தை மேல் பக்கமா திருப்பு. தண்ணி மேல்மட்டம் நல்லா கலங்கணும். ஸ்கிம்மர் ஓடட்டும், அதோட கப்பை அடிக்கடி காலி பண்ணு. தொட்டி மேல மூடி இருந்தா எடுத்துட்டு வலையைப் போடு.”

ஆக்சிஜன் தண்ணீருக்குள் நுழைவது மேல்மட்டம் வழியாகத்தான். குமிழியின் வேலையே அந்த மேல்மட்டத்தைக் கலக்குவதுதான். கரன்ட் இல்லை, பம்ப் இல்லை என்றாலும் வழி உண்டு. சுத்தமான சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு, டீ ஆற்றுவதுபோல உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருங்கள். கை வலிக்கும், மீன் பிழைக்கும். கடல் மீன் வளர்ப்பவர்கள் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வீட்டில் வைத்திருப்பது நல்லது. அது சில நூறு ரூபாய்தான்.

அரை மணி கழித்து மறுபடி போன். “இட்லி கீழ இறங்கிடுச்சு மாமா. சட்னி இன்னும் மேலதான் இருக்கு.” மூச்சு திரும்புகிறது என்று அர்த்தம். இனி நிதானமாகக் காரணத்தைத் தேடலாம்.

டம்ளர் சோதனை

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பாக்டீரியா அல்ல. ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை எடுத்து, பின்னால் கறுப்புத் துணியோ காகிதமோ வைத்துப் பாருங்கள்.

* சில நிமிடங்களில் தெளிந்துவிட்டால், அது நுண்குமிழி. பம்ப்போ ஸ்கிம்மரோ காற்றை இழுத்துத் தள்ளுகிறது. அதைச் சரிசெய்தால் போதும்.
* சில மணி நேரத்தில் அடியில் மாவு போலப் படிந்தால், மணல் தூசு அல்லது சுண்ணாம்புப் படிவு. புது மணல் போட்டீர்களா, கால்சியம் திரவம் அதிகம் ஊற்றினீர்களா என்று யோசியுங்கள்.
* பச்சை நிறம் தெரிந்தால் பாசி.
* இரவு முழுக்க வைத்தும் அப்படியே மங்கலாக நின்றால், பெரும்பாலும் பாக்டீரியாதான்.

பாக்டீரியாவின் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாதாரண ஸ்பாஞ்சில் அது சிக்காது. அதனால் ஃபில்டரைப் பிழிந்து பிழிந்து கழுவுவதில் பயனில்லை.

என்ன அழுகுகிறது?

தொட்டி புதிது, வைத்து ஓரிரு வாரம்தான் ஆகிறது என்றால் பயப்பட வேண்டாம். நல்ல பாக்டீரியாக்கள் காலூன்றும் வரை இப்படி ஒரு முறை கலங்குவது சகஜம். மீன் விடாமல் காத்திருந்தால் தானாகத் தெளியும்.

மாதக்கணக்காகத் தெளிவாக இருந்த தொட்டி ஒரே நாளில் வெள்ளையானால், உள்ளே எதற்கோ தீனி கிடைத்திருக்கிறது. மீன்களை எண்ணுங்கள். நத்தைகளை எண்ணுங்கள். கல்லுக்குப் பின்னால் டார்ச் அடியுங்கள். அசையாத நத்தையை எடுத்து முகர்ந்து பாருங்கள். செத்திருந்தால் சந்தேகமே வராது. பீச்சிலிருந்து கேனில் கடல் தண்ணீர் பிடித்து வந்து அப்படியே ஊற்றினாலும் இது நடக்கலாம். அதில் இருக்கும் நுண்ணுயிர்கள் கேனுக்குள்ளேயே செத்து அழுகியிருக்கும்.

இன்னொரு காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். வோட்கா! நைட்ரேட், பாஸ்பேட்டைக் குறைப்பதற்காகச் சிலர் வோட்காவையோ வினிகரையோ சொட்டுக் கணக்கில் தொட்டியில் விடுவார்கள். அது பாக்டீரியாவுக்கு உணவு. பெருகும் பாக்டீரியா நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ள, அதை ஸ்கிம்மர் நுரையோடு வெளியே தள்ளும். முறை சரிதான். அவசரப்பட்டு அளவைக் கூட்டினால் அடுத்த நாள் தொட்டி பால்தான். அப்படிச் செய்துகொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள்.

அக்கா மகன் டார்ச் அடித்துத் தேடினான். கல்லின் அடியில் ஊறிப்போன தீனி ஒரு கைப்பிடி. பக்கத்து வீட்டுப் பையன் பாசத்தோடு போட்டது. மூலையில் கவிழ்ந்து கிடந்த ஒரு நத்தை. முகர்ந்தவன் “ஐயோ” என்றதோடு பேச்சு நின்றது. இரண்டையும் எடுத்தாயிற்று. தீனியை மெல்லிய டியூப் வைத்து உறிஞ்சச் சொன்னேன், மணலைக் கிளறாமல்.

பிறகு கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

அன்று இரவே 40 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கடல் தொட்டிக்கான உப்பைக் கலந்து, சின்ன பம்ப் போட்டு ஓடவிட்டான். சமையல் உப்பு இதற்கு ஆகாது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம், அடர்த்தி 1.025. காலையில் அளந்து பார்த்து, வெப்பமும் தொட்டியோடு ஒத்துப்போனதும் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினான். அம்மோனியா கிட் வைத்துப் பார்த்ததில் லேசாக நிறம் காட்டியது. அதனால் மறுநாளும் அதே அளவு. நல்ல பாக்டீரியா இருக்கும் கல்லையும் மணலையும் தொடவில்லை. ஆரோக்கியமான மீன் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது என்பதால், தீனி அறவே கிடையாது.

ஒரே நேரத்தில் முழுத் தண்ணீரையும் மாற்றினால் என்ன? உப்பு, வெப்பம், பி.ஹெச். மூன்றும் ஒரே அடியாக மாறும். மூச்சுத் திணறி எழுந்த மீனுக்கு அது அடுத்த அடி.

கடையில் ‘ஒரே நாளில் தெளியும்’ என்று விற்கும் மருந்துகளிலும் கவனம் தேவை. ஆன்டிபயாடிக் ஊற்றினால் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து சாகும். செம்பு கலந்த மருந்து இறால், நத்தை, பவளம் எல்லாவற்றுக்கும் எமன். யு.வி. விளக்கு மிதக்கும் பாக்டீரியாவைக் கொன்று தண்ணீரைச் சீக்கிரம் தெளியவைக்கும். ஆனால், அழுகும் பொருள் உள்ளேயே இருந்தால் மறுபடி கலங்கும். செத்த பாக்டீரியாவும் அழுகத்தான் செய்யும் என்பதால், யு.வி. ஓடும்போதும் ஏர் பம்ப்பை நிறுத்தக் கூடாது.

பவளம் என்றதும் ஒரு விஷயம். ‘கடல் தொட்டி என்றால் பவளம் இல்லாமலா’ என்று கேட்பவர்கள் உண்டு. நம் கடலிலிருந்து பவளத்தை எடுப்பதும் விற்பதும் குற்றம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் பவளங்கள் சேர்க்கப்பட்டன. கடல் குதிரைக்கும் அதே பாதுகாப்பு உண்டு. 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் பவளம் அங்கேயே இருக்கட்டும். செராமிக் கற்களும், ஹேட்சரி மீன்களும் போதும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், க்ளவுன் மீன்களைக் குஞ்சு பொரிப்பகத்திலேயே வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. வாங்கும்போது ‘ஹேட்சரி மீனா?’ என்று கேளுங்கள்.

மூன்றாம் நாள் மாலை வீடியோ காலில் தொட்டியைக் காட்டினான். பின்னால் இருக்கும் கல் தெரிந்தது. இட்லியும் சட்னியும் பழைய இடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. இறால் பிழைக்கவில்லை. பக்கெட் தண்ணீரோடு அன்றிரவே எல்லாவற்றையும் கழுவியிருந்தால் மற்றவையும் மிஞ்சியிருக்காது என்று சொன்னேன். “தெரியும் மாமா” என்றான், சத்தம் இல்லாமல்.

போனை அவன் மகள் வாங்கிக்கொண்டாள். “தாத்தா, இங்க பாருங்க” என்று காட்டியது ஒரு சின்ன டப்பா. உள்ளே மருந்துக் கடையில் கட்டித் தருவதுபோல மடித்த ஏழெட்டுக் காகிதப் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை தீனி, மேலே பென்சிலில் கிழமை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அண்ணனிடம் தீனி டப்பாவைத் தரமாட்டாளாம். பொட்டலம்தானாம்.

இத்தனை வருடம் மீன் வளர்க்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை. நீங்களும் லீவுக்குக் கிளம்பும் முன் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கிப் பொட்டலம் கட்டிவிடுங்கள்.