‘சத்தம்’ என்ற ஒரு சொல்லால் எதையும் பழுதுபார்க்க முடியாது

“பின்பக்கம் சத்தம், சோதிக்கவும்.” கார்ப் பணிமனைகளில் ‘ஜாப் கார்டு’ எனப்படும் தாளில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஓயாமல் எழுதப்படும் வாசகம் இது. வாடிக்கையாளர் சொன்னது வேறாக இருந்திருக்கும்: “வண்டி நன்றாகச் சூடான பிறகு, மெதுவாக முழுக்க ஒடித்துத் திருப்பும்போது மட்டும் பின்னால் தடதடவென்று அடிக்கிறது.” அந்த ஒரு வாக்கியத்தில் நான்கு சான்றுகள் உள்ளன: சூடு, வேகம், திருப்பம், ஓசையின் இயல்பு. தாளில் ஏறும்போது நான்கும் உதிர்ந்துவிடுகின்றன. எஞ்சுவது ‘சத்தம்’ என்ற வெற்றுச் சொல்.

லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் பொருத்திய விரைவுக் கார்களில் பழுதறிதல் தடம் புரள்வது இந்த இடத்தில்தான். ஸ்பேனர் எடுக்கப்படுவதற்கு முன்பே, மொழியில் முதற்பிழை நிகழ்ந்துவிடுகிறது. அப்பிழையைக் கண்டும் காணாததுபோல் இருப்பவை நம் மொழியியல் துறைகள்.

பொருளைச் சுருக்கமாகக் காண்போம். கார் வளையும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிகத் தொலைவு ஓடவேண்டும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிப்பது டிஃபரன்ஷியல். அதன் குறையும் அதுவே. ஒரு சக்கரம் பிடிப்பை இழந்தால் அது வீணே சுழலும். பிடிப்புள்ள சக்கரத்துக்கும் போதிய விசை சேராது. ஆட்டோ யூனியன் பந்தயக் காரில் இச்சிக்கலைக் கண்ட ஃபெர்டினாண்ட் போர்ஷே, 1935இல் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனத்திடம் தீர்வு கேட்டார். நழுவலுக்கு வரம்பு கட்டும் டிஃபரன்ஷியல் அவ்வாறு பந்தயக் களத்துக்கு வந்தது. இன்று அது பல வகைப்படும்: கிளட்ச் தட்டுகளால் இயங்குவது, டார்சன் போன்ற சாய்பல் கியர்களால் இயங்குவது, கணினி அழுத்தம் கொடுக்கும் கிளட்சால் இயங்குவது.

முதல் இரு வகைகளிலும் உணரி எதுவும் இல்லை. தட்டு தேய்ந்தாலும், எண்ணெய் கருகினாலும், அதைக் கணினிக்குச் சொல்ல உள்ளே எவருமில்லை. ஸ்கேனரைப் பொருத்தினால் ‘பழுது இல்லை’ என்றே திரை காட்டும். அந்த மௌனம் இரண்டில் ஒரு தீங்கைச் செய்கிறது. ஒன்று, வாடிக்கையாளர் இல்லாததைக் கற்பனை செய்பவராகிவிடுகிறார். அல்லது, “டிஃபரன்ஷியலை மொத்தமாக மாற்றிப் பார்ப்போம்” என்ற பரிந்துரை வருகிறது. இறக்குமதிக் காரில் அந்தப் ‘பார்ப்போம்’ பல லட்சம் ரூபாய்.

ஜாப் கார்டு கைவிட்ட சொற்களுக்கு இப்போது திரும்புவோம். ‘தடதட’ என்பது விட்டுவிட்டு மீளும் அடி. கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று பற்றுவதும் விடுவதுமாகத் துடிக்கும்போது எழுவது அதுதான். மெதுவான, ஒடித்த திருப்பத்தில் அது தெளிவாகக் கேட்கும். அதற்கான முதற்காரணமாக ஐயுறத்தக்கது தவறான எண்ணெய், அல்லது எண்ணெயில் சேர்க்கவேண்டிய உராய்வு மாற்றி விடுபட்டமை. ‘ஊங்’ என்ற நீள் இரைச்சல் வேறு சாதி. வேகத்தோடு ஏறி, ஒரு பக்கம் வளைக்கும்போது கூடி, மறுபக்கம் வளைக்கும்போது குறைந்தால் சக்கர பேரிங்கைப் பார்க்கவேண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு குரலும் விடும்போது வேறு குரலுமாக ஒலித்தால் கிரவுன்–பினியன் பற்களையும் பினியன் பேரிங்கையும் பார்க்கவேண்டும். முழுத்திருப்பத்தில் முன்சக்கரத்திலிருந்து வரும் ‘டக்டக்’ ஆக்சில் மூட்டினுடையது. முன்கியரிலிருந்து ரிவர்சுக்கு மாற்றும்போது ஒரே ஒருமுறை கேட்கும் ‘டொக்’, எங்கோ இடைவெளி கூடியிருப்பதன் அடையாளம்.

நெடிலில் நீளும் ஓசை தொடர் சுழற்சிக்கும், இரட்டித்த ஓசை விட்டுவிட்டு வரும் அடிக்கும், ஒற்றை ஓசை ஒற்றை மோதலுக்கும் உரியதாக அமைவதைக் கவனிக்கவேண்டும். இரட்டைக்கிளவி இரட்டை நிலையிலிருந்து பிரிந்து ஒலிக்காது என்று தொல்காப்பியம் வரையறுத்தது. ‘தடதட’வைத் ‘தட’ ஆக்கினால் பொருள் போய்விடும் என்பதைப் பட்டறையும் அறியும். ஜாப் கார்டுதான் அறியவில்லை.

விக்ரோலியின் எல்.பி.எஸ். சாலையோரப் பட்டறை போன்றதோர் இடத்தில் இது இன்னும் கூர்மையடைகிறது. அங்கே தமிழும் மராத்தியும் இந்தியும் ஒரே காரின் அடியில் படுத்திருக்கின்றன. தமிழரின் ‘கடகட’வுக்கும் மராத்தியரின் ‘கட்கட்’டுக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ஒலிக்குறிப்புச் சொற்கள் இந்தோ-ஆரிய, திராவிட மொழிகளுக்குப் பொதுவான வட்டாரப் பண்பு என்று எமனோ 1969இல் காட்டினார். நம் வகுப்பறைகளில் அக்கட்டுரை தேர்வு வினாவாக மட்டும் உயிர்வாழ்கிறது, எல்.பி.எஸ். சாலையில் அது நாள்தோறும் வேலை செய்கிறது.

‘ஓசைச் சொற்கள் ஆளுக்கு ஆள் மாறும், அவற்றை நம்பிப் பழுதறியலாமா?’ என்பது வழக்கமான மறுப்பு. ஓசை தனித்து நின்று தீர்ப்பு சொல்லும் என்று எவரும் வாதிடவில்லை. அது ஐயத்தை ஒழுங்குபடுத்துகிறது. தீர்ப்பைச் சோதனை தருகிறது. முதலில் டயர். ஒரே ஆக்சிலின் இரு டயர்களும் வெவ்வேறு அளவு தேய்ந்திருந்தால், நேர்ச்சாலையிலும் தட்டுகள் நழுவிக்கொண்டேயிருக்கும். அடுத்து எண்ணெய். காந்த அடைப்பானில் மெல்லிய சாம்பல் பசை இயல்பானது. விரலில் குத்தும் இரும்புச் சில்லு இயல்பானதன்று. உரிய எண்ணெயும் உராய்வு மாற்றியும் இட்டு, காலி மைதானத்தில் எட்டு வடிவில் மெல்லச் சிலமுறை ஓட்டியபின் தடதடப்பு நின்றுவிட்டால் வழக்கு முடிந்தது. நிற்கவில்லையென்றால், ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, அச்சக்கரத்தைத் திருப்ப எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்று டார்க் ரெஞ்சால் அளந்து கையேட்டோடு ஒப்பிடவேண்டும். பெட்டியைத் திறப்பது அதற்கும் பிறகு.

அச்சோதனையும் கருவியின் வகையறிந்து செய்தால்தான் பேசும். இரு சக்கரங்களையும் தூக்கி ஒன்றைச் சுழற்றினால், முன்னழுத்தமுள்ள கிளட்ச் வகையில் மற்றது அதே திசையில் சுழலும். முன்னழுத்தம் இல்லாத டார்சன் வகையிலோ எதிர்த்திசையில் சுழலக்கூடும். அதைக் கண்டு ‘போய்விட்டது’ என்பது அறியாமை. 2020இல் வந்த மகிந்திரா தாரின் சில வகைகளில் உள்ள மெக்கானிக்கல் லாக்கர், இரு பின்சக்கரங்களின் வேகம் மிகவும் வேறுபட்டவுடன் சட்டெனப் பூட்டிக்கொள்ளும். அப்போது எழும் ‘டொக்’ நோயன்று; வேலை. ஒரே ஒலி, வேறு அமைப்பு, வேறு பொருள். குறியின் மதிப்பை அமைப்பே தீர்மானிக்கிறது என்று சசூரைப் படித்தவர்கள் இதற்கு வியப்படையத் தேவையில்லை.

‘இன்றைய கார்களில் எல்லாம் கணினிமயம்’ என்பது இரண்டாம் மறுப்பு. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 245, 2020இல் இந்தியாவுக்கு வந்தபோது 200 கார்களே விற்பனைக்கு ஒதுக்கப்பட்டன. அதன் முன் ஆக்சிலில் கணினி இயக்கும் கிளட்ச் உண்டு. அவ்வகைக் கார்களுக்கு ஸ்கேனர் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஸ்கேனர் காட்டும் பழுதுக்குறி ஒரு விளைவின் பெயர். காரணத்தின் பெயராக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. சக்கர வேக உணரி ஒன்று பிழைபட்டால்கூட டிஃபரன்ஷியலின் உதவி நிறுத்தப்படலாம். வேறு சில கார்களில் ‘எலக்ட்ரானிக் டிஃபரன்ஷியல் லாக்’ என்று விளம்பரத்தில் நிற்பது தனிக்கருவியே அன்று. வீணாய்ச் சுழலும் சக்கரத்தின் பிரேக்கைப் பிடிக்கும் நிரல். இல்லாத பூட்டைத் தேடி எவரும் ஆக்சிலைப் பிரிக்காமலிருக்க, பெயரை ஐயுறும் பயிற்சி வேண்டும். அப்பயிற்சி யாருடைய பாடம்?

மும்பைக்கேயுரிய சான்று ஒன்றும் உண்டு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பெய்த நகரம் இது. சாலையில் நீர் தேங்குவது ஒவ்வொரு பருவமழையிலும் வாடிக்கை. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் திடீரென நீரில் மூழ்கிக் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழல் வழியே நீரை உள்ளிழுத்துவிடக்கூடும். எண்ணெய் பால் கலந்த காப்பியின் நிறத்துக்கு மாறும்; தட்டுகளின் கதை அங்கே தொடங்கும். “போன மாதம் முழங்கால் தண்ணீரில் வந்தேன்” என்ற வாக்கியம் எந்தத் திரையிலும் வராது. அதைக் கேட்க ஒருவர் வேண்டும். எழுத ஓர் இடம் வேண்டும். நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களை ஆராய்ந்த ஜூலியன் ஆர், 1996இல் வெளிவந்த தம் நூலில், அவர்களின் பழுதறிதல் கதை சொல்வதன் வழியே நடக்கிறது என்று நிறுவினார். நம் பணிமனைப் படிவங்களில் கதைக்கு ஒரு வரிகூட இல்லை.

தமிழ்க் கல்வியுலகம் இதில் என்ன செய்கிறது? ‘வரம்புறு நழுவல் வேறுபாட்டியக்கி’ போன்ற ஒரு தொடரை ஆக்கிவிட்டு அறிவியல் தமிழ் வளர்ந்ததென்று மகிழ்கிறது. கிரவுன், பினியன், ஆக்சில் ஆகியவை பட்டறைத் தமிழில் எப்போதோ குடியேறிவிட்டன. அவற்றுக்கு மாற்றுப்பெயர் இல்லாமல் எந்தக் காரும் நின்றுபோகவில்லை. கார் நிற்பது ‘தடதட’வுக்கும் ‘கரகர’வுக்கும் இடையிலான வேற்றுமையை எவரும் பதியாததால். சங்கப் பாடலில் வந்தால் ஒலிக்குறிப்பு அழகு. எண்ணெய்க் கறை படிந்த கையினர் சொன்னால் அது பாமரப் பேச்சு. இந்த இரட்டை அளவுகோலுக்குச் சாதியும் வர்க்கமும் தவிர வேறு இலக்கணம் இல்லை.

செய்யவேண்டியது பெரிதன்று. ஜாப் கார்டின் முதல் மூன்று வரிகள், வாடிக்கையாளர் சொன்னதை அவர் மொழியிலேயே, ஓசைச் சொல் சிதையாமல் பதிவதற்கு ஒதுக்கப்படட்டும். எப்போது, எந்த வேகத்தில், எப்பக்கத் திருப்பத்தில், சூட்டிலா குளிரிலா என்ற நான்கு கேள்விகள் அதன்கீழ் அச்சிடப்படட்டும். மொழியியல் மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு விக்ரோலிக்கும் தாராவிக்கும் செம்பூருக்கும் செல்லட்டும். அங்கே திரட்டிய சொற்கள் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒதுங்காமல், சொன்னவர்களின் அறிவாகவே முதல் இயலில் நிற்கட்டும். காதால் பழுதறிந்த தலைமுறை ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கிறது. அவர்களின் சொற்கள் பதிவாகாமல் போனபின் மிஞ்சப்போவது ‘சத்தம்; சோதிக்கவும்’ என்ற தாளும், சோதிக்கத் தெரியாத திரையும் மட்டுமே.