வகை தெரிந்தால் பொருள் தெரிந்துவிடுமா?



‘ஆறு’ என்பது பெயர்ச்சொல் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் மாணவனுக்கு என்ன விளங்கும்? அது நீரோடும் ஆறா, ஐந்தை அடுத்த எண்ணா, வழி என்னும் பழம்பொருளா என்பது விளங்காது. சொல்லின் வகை ஒன்று, பொருள் வேறு. கணினி உலகிலும் இவ்வேறுபாடு உண்டு. வீட்டில் லினக்ஸ் பழகும் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் பலர் இங்குதான் தடுமாறுகின்றனர்.

லினக்ஸில் ஒரே நேரத்தில் பல நிரல்கள் இயங்குகின்றன. அவை ஒன்றிடம் ஒன்று வேலை கேட்பதற்கு அமைந்த பொதுவழியே டி-பஸ். அதன் 1.0 பதிப்பு 2006-ஆம் ஆண்டில் வெளிவந்தது. வேலையின் பெயரையும் அதற்குரிய உள்ளீடுகளையும் வரிசை தவறாமல் அனுப்ப வேண்டும். எவ்வகை உள்ளீடு வேண்டும் என்பதை அச்சேவையிடமே கேட்டறிய ‘இன்ட்ரோஸ்பெக்ட்’ என்னும் வசதியும் உண்டு. ஆனால் அது தரும் பட்டியலில் உள்ளீட்டின் வகைதான் உறுதியாக இருக்கும். பெயர்கூட இருந்தே ஆகவேண்டும் என்னும் கட்டாயமில்லை.

இதனால் விளையும் குழப்பத்திற்கு இரண்டு சான்றுகள் தருகின்றேன்.

கணினியை அணைக்கும் ‘பவர்ஆஃப்’ வேலைக்கு உள்ளீடு ஒன்றே. ‘பஸ்சிடிஎல்’ கருவியில் பார்த்தால் ‘பி’ என்னும் ஓர் எழுத்து மட்டும் தெரியும். மெய் அல்லது பொய் என்பது அதன் பொருள். ‘மெய் என்றால் அணை, பொய் என்றால் அணைக்காதே’ என்றுதானே பிள்ளை எண்ணும்? உண்மை வேறு. அனுமதி தேவைப்படின் பயனரிடம் கடவுச்சொல் கேட்கலாமா என்பதையே அது குறிக்கின்றது. அனுமதி உள்ளவர் ‘பொய்’ என்று அனுப்பினாலும் கணினி அணையும். சேமிக்காத வீட்டுப்பாடமும் அதனோடு போய்விடும்.

திரையில் அறிவிப்புக் காட்டும் ‘நோட்டிஃபை’ வேலைக்கு எட்டு உள்ளீடுகள். கடைசி உள்ளீடு ஒரு முழு எண். அறிவிப்பு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை மில்லிவினாடியில் சொல்வது. -1 என்றால் கால அளவை அறிவிப்புச் சேவையே முடிவு செய்யும். 0 என்றால் உடனே மறையும் என்று நினைப்போம். தானாக மறையவே கூடாது என்பதே அதன் பொருள். முழு எண் என்னும் வகைக்குறிப்பு இவற்றுள் எதனையும் சொல்வதில்லை.

அப்படியானால் எங்கே தேடுவது? ‘யூஎஸ்ஆர்’ அடைவில் ‘ஷேர்’, அதனுள் ‘டிபஸ்-1’, அதனுள் ‘இன்டர்ஃபேசஸ்’ என்னும் அடைவைத் திறந்து பாருங்கள். அங்குள்ள எக்ஸ்எம்எல் கோப்புகள் சிலவற்றில் விளக்கக் குறிப்புகள் இருக்கும். சிஸ்டம்டி குழுவினர் தம் சேவைகளுக்கான விளக்கத்தை 2020-இல் வந்த 246-ஆம் பதிப்பு முதல் ‘மேன்’ பக்கங்களாகவே தருகின்றனர். ‘நோட்டிஃபை’ போன்றவற்றுக்கு ஃப்ரீடெஸ்க்டாப் வெளியிட்ட விவரக்குறிப்பு உண்டு.

“மூல நிரலே ஆவணம், அதைப் படித்துக்கொள்ளட்டும்” என்று சொல்லும் நிரலாளர்களும் உளர். இக்கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. நிரல் இன்று என்ன செய்கின்றது என்பதையே மூல நிரல் காட்டும். எழுதியவர் எதற்கு உறுதி தருகின்றார், எது நாளை மாறக்கூடும் என்பதை அது காட்டாது. எக்ஸ்எம்எல் கோப்பில் உள்ளீட்டுக்கு ஒரு வரி விளக்கம் எழுதி வைத்தால், அதிலிருந்தே ஆவணம் உருவாக்கித் தரும் ‘ஜிடிபஸ்-கோட்ஜென்’ போன்ற கருவிகளும் இருக்கின்றன. ஆகவே, வகையை மட்டும் எழுதிவிட்டுப் பொருளை எழுதாமல் விடுவது பாதி வேலையே என்பது என் துணிபு.

நம் பிள்ளைகள் நாளை இத்தகைய சேவைகளை எழுதப்போகின்றவர்கள். இப்பழக்கத்தை இப்போதே ஊட்டலாம். ‘ஸ்கிராட்ச்’ மென்பொருளில் அவர்கள் உள்ளீடு கொண்ட சிறு கட்டளை ஒன்றை அமைத்துக் காட்டும்போது பாராட்டுங்கள். கூடவே மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த எண் எதைக் குறிக்கின்றது? எந்த அலகில்? சுழியம் கொடுத்தால் என்ன ஆகும்? விடையை வாயால் சொன்னால் போதாது. கட்டளையின் அருகிலேயே நல்ல தமிழில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.