இடது கால் கேட்கும் கியர்பொக்ஸ்

மண்டூரில் எனக்குத் தெரிந்த ஒருவரின் கொரோலா 110 நான்கு மாதமாக மாமரத்தின் கீழ் நிற்கிறது. எஞ்சினில் குறை இல்லை. போனது ஒட்டோ கியர்பொக்ஸ். ரிவர்ஸ் விழுகிறது, முன்னுக்குப் போக மாட்டேன் என்கிறது. வந்து பார்த்த மெக்கானிக் இரண்டு வழி சொன்னார். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த ஒட்டோ பொக்ஸ் ஒன்று தேடிப் பூட்டலாம். அல்லது ஒரேயடியாக மனுவலுக்கு மாற்றிவிடலாம். இரண்டாவதுதான் நின்று பிடிக்கும் என்றார்.

தொழிலாகப் பார்த்தால் அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் காரின் சொந்தக்காரருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஒட்டோ காரில் பிரேக்கும் அக்சிலேட்டரும் வலது காலுக்கு. இடது காலுக்கு வேலையே இல்லை. அதனால்தான் பத்து வருடங்களுக்கு முன் கடன்பட்டு இந்தக் காரை வாங்கினார். மனுவலாக்கினால் கார் ஓடும், அவர் ஓட்டமாட்டார்.

இந்த மாற்றம் எங்கள் பக்கத்தில் புதிதல்ல. ஒட்டோ பொக்ஸைக் கழற்றி, டோர்க் கொன்வேர்ட்டரை எடுத்துவிட்டு, பிளைவீல், கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் போடவேண்டும். மூன்று பெடல் உள்ள செட், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர், கியர் லீவர், கேபிள்கள் எல்லாம் வேண்டும். பொக்ஸைத் தாங்கும் மவுண்டிங்கும் அக்சிலும் பொருந்த வேண்டும். ரேடியேட்டருக்குப் போகும் கியர் எண்ணெய்க் குழாயை அடைக்க வேண்டும். ‘பி’ அல்லது ‘என்’னில் மட்டும் ஸ்டார்ட் ஆக விடும் சுவிட்சின் வயரை இணைத்துவிடாவிட்டால் சாவியைத் திருப்பினாலும் ஒன்றும் நடக்காது. கொரோலா 110 மனுவலாகவும் வந்த கார் என்பதால், அடிபட்ட இன்னொரு காரிலிருந்து இவ்வளவையும் மொத்தமாக எடுக்க முடிகிறது. அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே மோட்டாரும் கியரும் ஒன்றோடொன்று பின்னியவை.

மனுவல் மீது எங்கள் ஆட்களுக்கு உள்ள பற்றுக்கும் காரணம் உண்டு. பேட்டரி செத்தாலும் நாலு பேர் தள்ளினால் ஸ்டார்ட் ஆகும். இடம்பெயர்ந்த காலங்களில் அது சின்ன விடயமல்ல. 1990இற்குப் பிந்தைய பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்து ஒஸ்டின்களும் மொறிஸ்களும் கொஞ்சம் பெற்றோலில் உயிர்த்து மண்ணெண்ணெயில் ஓடிய கதையை இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் இருப்பதை வைத்துச் சமாளிப்பதைப் புகழும்போது, அந்தச் சமாளிப்புக்குள் யார் அடங்கவில்லை என்று நாங்கள் கேட்பதில்லை.

ஜப்பானில் விற்பனையாகும் புதிய கார்களில் மிகப் பெரும்பாலானவை ஒட்டோ. 1991இலேயே அங்கே ஒட்டோவுக்கு மட்டுமான சாரதி அனுமதிப்பத்திரம் வந்துவிட்டது. அங்கே பாவித்த கார்தான் இங்கே வருகிறது. ஆக, கால் இழந்தவருக்கு ஏற்ற கார் திட்டமிட்டு அல்ல, தற்செயலாக எங்களிடம் வந்து சேர்ந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் அந்தத் தற்செயலும் நின்றது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. பழைய கார்களின் விலை எகிறியது, உதிரிப்பாகங்களின் விலையும் கூடவே போனது.

2025 பெப்ரவரி 1 முதல் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. யாருக்குத் திறந்தது? அப்போது 20 வீத சுங்க வரி, அந்த வரியின் மேல் 50 வீத மேலதிகக் கட்டணம், உற்பத்தி வரி, 18 வீத வற் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியது. உற்பத்தி வரி எஞ்சினின் கொள்ளளவையும் எரிபொருளையும் வயதையும் பார்த்துக் கணிக்கப்படுகிறது. ஓட்டுபவரின் கால் அந்தக் கணக்கில் இல்லை. அந்நியச் செலாவணியைக் காக்க வரி வேண்டும் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சொகுசுக்காக ஒட்டோ வாங்குபவரும் வேறு வழியில்லாமல் வாங்குபவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

மட்டக்களப்பு மாவட்டம் 2017இல் கண்ணிவெடியற்றதாக அறிவிக்கப்பட்டது. நிலத்திலிருந்து வெடி எடுக்கப்பட்டது, அதில் கால் கொடுத்தவர்கள் அப்படியே இருக்கிறார்கள். படையினருக்கென்று ரணவிரு சேவை அதிகார சபை இருக்கிறது. படுவான்கரையில் கால் இழந்த விவசாயிக்கோ முன்னாள் போராளிக்கோ அப்படி ஒரு வாசல் இல்லை.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. மனுவல் பொக்ஸைப் போட்டு, கிளட்சைக் கையால் இழுக்கும் லீவர் வைப்பது. இந்தியாவில் இது பரவலான வேலை. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமும் மாற்றுத்திறனாளிகளுக்காக வாகனத்தை மாற்றியமைக்க இடம் கொடுத்திருக்கிறது. எங்கள் கராஜ்களுக்கு இதைச் செய்யும் கை இருக்கிறது. செய்தபின் பரிசோதித்து ‘சரி’ என்று எழுதிக் கொடுக்க மாவட்ட மட்டத்தில் ஒருவர் வேண்டும். கேட்பதானால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். செலவு குறைந்த கோரிக்கையும் இதுதான்.

அவர் மெக்கானிக்குக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மகன் ஓட்டுவான், மனுவலாக்குவோம் என்று வீட்டில் சொல்கிறார்கள். மகனுக்கு வயது பதினாறு. அதுவரைக்கும் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக் கிளினிக் நாட்களில் யாராவது மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு துறைக்குப் போகிறார்கள். குருமண்வெளிப் பாதையில் ஊன்றுகோலோடு நின்றபடியே கடக்கிறார்.