பவர்ஹவுஸை நடத்துறது யாரு?

"மைட்டோகாண்ட்ரியா செல்லின் பவர்ஹவுஸ்." ஸ்கூல்லயே மனப்பாடம் பண்ணி மார்க்கும் வாங்கிட்டோம். ஆனா அதை நடத்துறது யாருன்னு கேட்டிருக்கீங்களா?

மனித மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமா ஒரு டி.என்.ஏ. உண்டு. 16,569 எழுத்து, 37 ஜீன். அதுல புரதத்துக்கானது 13 தான். ஜீனுக்கு ஒரு சுவிட்ச்னு தனித்தனியா கிடையாது. எல்லாம் நீளமான ஆர்.என்.ஏ.வா நகலாகி, அப்புறம்தான் துண்டுகளா வெட்டப்படுது. எந்தத் துண்டு எவ்வளவு நேரம் தாங்கணும் என்பதில், ஆர்.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களுக்குப் பெரும் பங்கு. அவற்றுக்கான ஜீன்களோ உட்கருவில்!

எல்.ஆர்.பி.பி.ஆர்.சி. அப்படிப்பட்ட ஒரு புரதம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு வரும் ஒருவகை லீ சிண்ட்ரோமுக்குக் காரணம், அதன் ஜீனில் ஏற்பட்ட பிழை என்று 2003இல் தெரிந்தது. பெரும்பாலானவர்களிடம் மாறியிருந்தது ஒரே ஒரு எழுத்து. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் அது வந்தால் நோய். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை மட்டும் அலசியிருந்தா, இது சிக்கியே இருக்காது.

அதனாலதான் சொல்றேன்: பயோடெக் சிலபஸ்ல ஜீன் பட்டியலோட நிறுத்தக் கூடாது. வெறும் கோடை மட்டும் படிச்சு சிஸ்டம் புரிஞ்சிடுச்சுன்னு நீங்க எந்த லேப்ல சொல்வீங்க?